நூற்றிருபதுக்கு அரை சென்டிமீட்டர் குறைவு

உயரம் அளக்கிற வேலையில் உள்ள சங்கடம் ஒன்றே ஒன்றுதான்: அளக்க நிற்பது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர்.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற சாலையில், ராட்டினங்களும் தண்ணீர்ச் சறுக்குகளும் உள்ள ஒரு பெரிய பூங்காவின் வாசலில் எனக்கு வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கவுண்டரில் ரம்யா. பைகளைச் சோதிக்கும் மாதேவு. மேனேஜர். மூன்று வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத செவலை நாய் ஒன்று. அப்புறம் நான். ஆள் நான்கு, நாய் ஒன்று.

விலைப்பலகைக்கும் கவுண்டருக்கும் நடுவில், சுவரில் பதித்த அளவுகோல் இருக்கிறது. அதன் பக்கத்தில் என் ஸ்டூல். எண்பத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். அதற்கு மேல் நூற்றிருபதைத் தொடாத பிள்ளைக்குக் கையில் மஞ்சள் பட்டை, எண்ணூறு ரூபாய். நூற்றிருபதைத் தொட்டுவிட்டால் சிவப்புப் பட்டை, பெரியவர்களைப் போலவே ஆயிரத்து நூறு. சிவப்புப் பட்டைக்காரர் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். மஞ்சள் பட்டைக்குப் பெரிய ராட்டினங்கள் கிடையாது. அதனால் பெற்றோர் எல்லோருக்கும் ஒரே ஆசை: பிள்ளை வாசலில் குள்ளமாக இருக்க வேண்டும், உள்ளே போனதும் வளர்ந்துவிட வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். இதற்கு முன் கொள்ளேகாலில் ஒரு மரக்கடையில் நாற்பது வருடம் அளவு எடுத்தேன். மரம் முழங்காலை மடக்காது. இங்கே வந்த பிறகுதான் அளவு என்பது எவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுக்கிற விஷயம் என்று தெரிந்தது. எனக்கோ பேச்சு வராது. எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், செருப்பைத்தான் பார்ப்பேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு விலைப்பலகையின் முன்னால் நின்று வாய்க்குள் பெருக்கிப் பார்த்தவர்தான் நீங்களும் என்றால், உங்கள் செருப்பை நான் பார்த்திருக்கக்கூடும்.

மேனேஜரின் பத்து

போன மாதம்தான் விலையை ஏற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் முதலாளி போன் செய்து, வாசல் வரை வந்து எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று கேட்கிறார். மேனேஜருக்கு அந்த போன் வந்தாலே நெற்றி வேர்க்கும். அன்று காலை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். திரும்பிப் போகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் வந்துவிட்டுத்தான் போகிறார்களாம். 'வொர்த்தா?' என்று யாராவது கேட்டால் 'சூப்பர்' என்று சொல்ல வேண்டுமாம். நான் எத்தனை ராட்டினம் ஓடுகிறது, வரிசை எவ்வளவு நேரம் என்று கணக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறேனாம்.

இன்றைக்கு என்னிடம் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் பத்தைத் தாண்டினால், நாளையிலிருந்து கோலுக்கு வேறு ஆள், எனக்கு டியூப் அடுக்குகிற வேலை என்றார். டியூப் என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பது. என் முழங்காலுக்கு அது நான்கு நாள் தாங்கும், ஐந்தாம் நாள் நான் வீட்டில்தான் இருக்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். மாதேவு கையில் எண்ணுகிற கருவியைக் கொடுத்தார். நான் என் பங்குக்கு, திரும்பிப் போகிற ஆளுக்கு ஒன்றாக அளவுகோலின் பக்கத்துச் சுவரில் பென்சில் கோடு கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். போகும்போது மேனேஜர் சொன்னார்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க பெரியவரே, ரெண்டு சென்டிமீட்டர்ல என்ன குடியா முழுகிடும்?"

நேராக நில்

முதலில் வந்தது கறுப்பு ஷூ ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒரு நீல ஷூ. ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. போனில் விலையைப் போட்டு, ராட்டினங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரியைச் சேர்த்து, பெட்ரோலையும் சேர்த்து, கடைசியில் பையனைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். பையன் நூற்று இருபத்தொன்றரை வருவான் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் கோலுக்கு வந்ததும் நூற்றுப் பதினெட்டாகிவிட்டான். கால்சட்டைக்குள் முழங்கால் மடங்கியிருந்தது.

மடக்காதே என்று எனக்குச் சொல்ல வராது. பையனின் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்தேன், அவ்வளவுதான். அது தானாக நிமிர்ந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இயல்பாக நில்லுடா, உடம்பை விறைக்காதே என்றார். பையன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வீட்ல மட்டும் கூன் போடாத, நேரா நில்லுன்னு டெய்லி திட்றீங்களேப்பா."

சிவப்புப் பட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஒன்றரை

அடுத்து வந்த பெண்பிள்ளைக்கு இதற்கு நேர் எதிர் ஆசை. பருந்து என்று நாங்கள் சொல்கிற பெரிய ராட்டினத்துக்காகவே வந்திருக்கிறாள். அது ஆளைத் தலைகீழாகத் தூக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி வைக்கும். அதற்குச் சிவப்புப் பட்டை வேண்டும். கனமான அடி வைத்த செருப்பு, உச்சந்தலையில் தேங்காய் மாதிரி ஒரு கொண்டை. செருப்பைக் கழற்றச் சொன்னேன், கொண்டையை அமுக்கினேன். நூற்றுப் பதினெட்டரை. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது, முந்நூறு ரூபாய் மிச்சம். பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டாள். பருந்து இல்லாமல் உள்ளே வந்து என்ன செய்வது என்று கேட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்து எழுப்பி, வந்த வழியே திரும்பி நடந்தார்.

அப்பா, அம்மா, பிள்ளை, மூன்று பேர். மாதேவு மூன்று முறை அமுக்கினான். நானும் மூன்று கோடு கிழித்தேன். அம்மா மட்டும் திரும்பி வந்து சொன்னார்: "ஒன்றரை சென்டிமீட்டர்தானே, அடுத்த வருஷம் வளந்துடுவா. அதுக்குள்ள நீங்க ரேட்டை வளத்துடாதீங்க."

நனையாதவர்

மேலுகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மகன், மருமகள், பேரன் மூவரும் முன்னாலேயே டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேர்தான் பலகையை விட்டு நகரவில்லை. மாமா என்னிடம் வந்து, தண்ணீரில் இறங்காமல், எதிலும் ஏறாமல், நிழலில் உட்கார்ந்திருப்பதற்கு மட்டும் என்ன கட்டணம் என்று மெதுவாகக் கேட்டார். அதே ஆயிரத்து நூறுதான் என்றேன். துண்டு நனையாமல் திரும்பி வந்தால் பாதியாவது கொடுப்பார்களா என்றார். அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்றேன்.

மாமா எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சுக்குப் போய், சாயங்காலம் வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். மாமியும் இரண்டடி பின்னாலேயே போனார். நின்றார். திரும்பி வந்து கவுண்டரில் ஒரே ஒரு டிக்கெட் கேட்டார். மாற்றுப்புடவை கைப்பையில் தயாராக இருந்தது, மாதேவு பார்த்திருக்கிறான். இந்த விலைக்கு யோசிக்கவில்லையா மாமி என்று ரம்யா கேட்டதற்கு மாமி சொன்னது: "அவர் வெளியில உக்காந்துண்டிருக்காரோல்லியோ, அதுக்கே பாதிக் காசு எனக்குத் திரும்பி வந்தாச்சு."

மாமா ஒருவர். ஆக நான்கு.

பதின்மூன்று

பதினொன்று இருக்கும். பைக்கில் வந்த இளம் ஜோடி ஒன்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டது, வொர்த்தா என்று. 'சூப்பர்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. இருபத்துநான்கில் இன்று இருபத்தொன்றுதான் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை வரிசை ஒவ்வொன்றிலும் இருபது நிமிஷம், சாப்பாட்டு நேரம் போக ஆறு மணிக்குள் பதின்மூன்றில் ஏறலாம் என்று சொல்லிவிட்டேன். ஹெல்மெட்டோடேயே தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு.

அடுத்த நிமிஷமே நஞ்சன்கூடு ஃபாக்டரியில் வேலை பார்க்கிற நான்கு பெண்கள், தமிழும் கன்னடமும் கலந்து பேசிக்கொண்டு வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். நானும் அதே பதிலைச் சொன்னேன். நான்கும் ஆறும் பத்து என்று மனசு ஒரு பக்கம் கூட்டிக்கொண்டிருந்தது. நால்வரில் கண்ணாடி போட்ட பெண் விரல்விட்டு எண்ணினாள். பிறகு மற்ற மூன்று பேரையும் கவுண்டர் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "ஒரு தடவை ஏறினா எம்பத்தஞ்சு ரூபாதான் ஆகுதுடி. போன வாரம் மால்ல காபிக்கு இருநூறு குடுத்தோமே, அது நம்மளை எங்க தூக்குச்சு?"

ஒட்டகச்சிவிங்கி

பதினொன்றே முக்காலுக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஹனூரிலிருந்து வந்த விவசாயக் குடும்பம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை, மூன்றாவது படிக்கிற பையன், இடுப்பில் ஒரு சின்னப் பெண். எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்தேன். பையன் பெயர் சக்தி. அவனுக்கும் பருந்துதான் வேண்டும். அப்பா அவனுக்கு ஆயிரத்து நூறு கொடுக்கவே தயாராக வந்திருந்தார். மூன்று வருடத்தில், என் பிள்ளைக்குப் பெரிய டிக்கெட் போடுங்கள் என்று கேட்ட முதல் அப்பா அவர்தான். பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது என்று எழுதிக்கொடுத்த அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

நூற்றிருபதில் ஒரு மரச்சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். தலை அதைத் தொட வேண்டும். மரக்கடைப் பழக்கத்தில் சட்டத்துக்கும் தலைக்கும் நடுவே ஒரு டிக்கெட் தாளை விட்டுப் பார்ப்பேன். தாள் சிக்கினால் சரி. சக்தி தலைமேல் தாள் தாராளமாகப் போய் வந்தது. மூன்று முறை பார்த்தேன். நூற்றுப் பத்தொன்பதரை. குடும்பம் வேப்பமரத்து நிழலுக்குப் போய்க் கூடிப் பேசியது. ஆறும் ஐந்தும் பதினொன்று. எனக்குக் கேட்கிற மாதிரியே தங்கை சொன்னார்: "ஏனுங்ணா, ஜூவுக்குப் போயிரலாமுங்க. ஒட்டகச்சிவிங்கி நம்மள அளக்காது."

நீளுகிறான்

மேனேஜர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். வேகமாக வந்து, சிவப்பைக் கட்டி அனுப்புங்கள் என்று காதில் சொன்னார். நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். பருந்தில் தோளைப் பிடிக்கிற கம்பி நூற்றிருபதுக்கென்று அளவெடுத்து அடித்தது, அரை குறைந்தவனுக்கு அடித்ததில்லை என்றேன். அவர் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் பையன் அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்தது: ஸ்கூலில் காலையில் பிரேயர் முடிந்ததும் அளந்தப்ப இருந்தேனே, இப்ப எங்கே போச்சு என்று. எனக்குச் சுரீர் என்றது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோலைச் சரிபார்க்கத் தினமும் காலையும் மாலையும் என்னையே அளந்துகொள்வேன். சாயங்காலம் எப்போதும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவேன். கோல் கெட்டுவிட்டது என்று எழுதிக்கொடுத்து, வேறு கோல் வந்து, அதிலும் குறைந்த பிறகுதான், குறைவது நான் என்று தெரிந்தது. பகலெல்லாம் நின்றால் முதுகெலும்பு அமுங்கும், படுத்தால் திரும்பும். பிள்ளைகளுக்கும் அப்படியே. இவனோ நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, குலுங்கிக் குலுங்கி வந்திருக்கிறான். மரத்தடிக்குப் போனேன். ஸ்டூலை விட்டு நான் எழுந்து போவது வழக்கமில்லை. அப்பாவின் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, பையனைக் கொஞ்ச நேரம் படுக்க வையுங்கள், நாற்பது நிமிஷம் கழித்து அளக்கலாம், வருமா என்று உறுதியில்லை என்றேன்.

துண்டு விரித்துச் சக்தி மல்லாக்கப் படுத்தான். அத்தை விசிறினார். தங்கச்சிப் பெண் அவன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நாயும் பக்கத்தில் போய்ப் படுத்தது. மேனேஜர் மறுபடி ஓடிவந்து, யார் அது, மயக்கமா, டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார். மாதேவு பையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மயக்கமில்ல சார். நீளுறான்."

நாற்பது நிமிஷம்

பன்னிரண்டே காலிலிருந்து பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை. இந்த நாற்பது நிமிஷத்தில் நான் பதினாறு பிள்ளைகளை அளந்தேன், ஒன்றிலும் தவறில்லை. ஆனால் கண் மரத்தடியில்தான். வராவிட்டால் ஐந்து கோடு. அதற்காக அரை சென்டிமீட்டர் என் கையிலிருந்து போட முடியாது, கையில் அப்படி எதுவும் இல்லை.

நேரமானதும் அப்பா அவனைப் படுத்த வாக்கிலேயே தூக்கிக்கொண்டு வந்து கோலுக்கு முன்னால்தான் நிறுத்தினார். நடந்தால் குறைந்துவிடுவானாம். குதிகால் சுவரில், பார்வை நேரே. முடியை அமுக்கினேன். தாளை விட்டேன். போகவில்லை. கோணத்தை மாற்றி விட்டேன். போகவில்லை. மூன்றாவது முறை தாள் மடங்கிவிட்டது. நூற்றிருபது என்றேன். கவுண்டருக்குக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். ரம்யா கவுண்டருக்குள்ளிருந்து கை தட்டினாள். சிவப்புப் பட்டையைக் கட்டும்போது, வேறெங்கும் நிற்காமல் நேரே பருந்துக்குப் போ, அங்கேயும் ஒரு கோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பையனை ஏற இறங்கப் பார்த்தார்: "மரத்தடியில படுத்து எந்திரிச்சதுக்கு முந்நூறு ரூவா. இவன் ஊட்டுல நாளெல்லாம் படுத்துக் கெடக்கறானே, நல்லவேளை அதுக்கு யாரும் டிக்கெட் போடலீங்க."

குதி

இப்படி ஒரு விஷயம் வரிசையில் பரவாமல் இருக்குமா. ஒரு மணிக்கு மேல் வேப்பமரத்தடியில் நான்கு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு ஒரு முழமே குறைவு. அதைவிட, புத்திசாலி அப்பா ஒருவர், நூற்று இருபதே காலில் இருந்த தன் மகளைச் சாலையோரமாகக் கூட்டிப்போய்க் கயிறு இல்லாமல் ஸ்கிப்பிங் ஆட வைத்தார். அமுங்கட்டும் என்று. நூறு முறை குதித்துவிட்டு வந்தாள். மூச்சு வாங்கியதில் நெஞ்சு நிமிர்ந்து, அதே அளவில்தான் நின்றாள்.

இன்னொரு நூறு குதித்தால் குறையுமா என்று அப்பா என்னைக் கேட்டார். தெரியாது, அளந்ததில்லை என்றேன். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "முந்நூறு ரூபாய்க்கு நீங்களே குதிங்கப்பா."

மூன்று மணி

மூன்று மணிக்கு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பெரிய மீசைகள், புதுச் செருப்புகள். பாதி நாள் முடிந்துவிட்டது, பாதி விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். கொடுக்க மாட்டார்கள் என்றேன். இனிமேல் எத்தனை ஏறலாம் என்றார்கள். ஏழு என்றேன். எட்டு என்று சொல்லியிருக்கலாம், ஆனால் ஆறு மணிக்கு விசில் ஊதும்போது அவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். கோடுகள் ஒன்பது. இன்னும் மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒவ்வொரு செருப்பையும் நான் மனசுக்குள் எண்ணினேன். ஜீப்பைக் கிளப்பும்போது மீசைகளில் மூத்தவர் தலையை நீட்டிச் சொன்னார்: "உள்ளதைச் சொல்லி ஆளை அனுப்பற மொதல் கடை இதுதான்யா."

இரண்டாம் தடவை

ஆறு மணிக்கு எல்லோரும் நனைந்த தலையோடு வெளியே வந்தார்கள். மாமி வந்தார், மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார். அவர் எட்டு டீ குடித்திருந்தார். கடைசியில் ஹனூர்க் குடும்பம். யாரிடமும் நானாக ஒன்றும் கேட்பதில்லை. அன்று கேட்டுவிட்டேன், ஏறினாயா என்று. ஏறினானாம். தலைகீழாக இருந்தபோது சாமுண்டி மலை காலுக்கு மேலே தெரிந்ததாம். எத்தனை தடவை என்றேன். பையன் முகம் கொஞ்சம் வாடியது: "ஒரே தடவை. நாலு மணிக்கு மறுபடியும் போனா அந்த அண்ணன் அளந்தாரு, கொறஞ்சுட்டேன். இன்னொருக்கா படுத்துட்டு வரேன்னேன், எங்கப்பாதான் போதும் எந்திரிடான்னுட்டாரு."

மாதேவு கருவியைக் காட்டினான், நான் பென்சில் கோடுகளைக் காட்டினேன். இரண்டும் ஒத்துப்போயின. மேனேஜர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளியின் போன் அடித்தது. அதை எடுப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நாளைக்கும் கோல்ல நீங்களே இருங்க, ஆனா அந்த மரத்தடியில ஒரு பாய் போட்டு வைங்க."

அன்று வொர்த்தா என்று என்னைக் கேட்டவர்கள் முப்பத்தொரு பேர், ஆம் என்றோ இல்லை என்றோ நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, திரும்பிப் போனவர்கள் ஒன்பது பேர், பத்தில் மிச்சம் ஒன்று.